குட்டி உயிர்களைப் பார்க்க எங்கே மூழ்குவது? அந்தமான், துலாம்பென், அனிலாவ், லெம்பே: ஓர் ஒப்பீடு

ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கி, இருபது முப்பது டைவ் போனவர்களில் ஒரு கூட்டத்துக்குச் சுறா ஆசை மெல்லக் குறைந்து நத்தை ஆசை பிடித்துக்கொள்கிறது. நூடிபிராங்க் என்கிற ஓடில்லாக் கடல் நத்தையை, விரல் நகம் அளவில், நீலமும் மஞ்சளுமாக ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். அதற்கப்புறம் தலைக்கு மேல் பாராகுடா கூட்டமே போனாலும் நிமிர்ந்து பார்க்கத் தோன்றாது. இந்தக் கூட்டத்திலிருந்து வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் ஒரு வார லீவு இருக்கிறது, கொஞ்சம் காசும் இருக்கிறது. மறுபடி அந்தமானா, பாலியின் துலாம்பெனா, பிலிப்பைன்ஸின் அனிலாவா, இல்லை எல்லோரும் சொல்கிற இந்தோனேசியாவின் லெம்பேயா?

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன உயிர்களுக்கென்றே போகிற முதல் பயணம் என்றால் துலாம்பென். பவளப்பாறையும் வேண்டும், நூடிகளும் கொத்துக் கொத்தாக வேண்டும் என்றால் அனிலாவ். லெம்பே ஏற்கெனவே பித்துப் பிடித்தவர்களுக்கு. அந்தமான் இந்த வரிசையில் கடைசி; ஆனாலும் சிலருக்கு அதுதான் சரி. ஏன் என்று பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

கைடின் கண். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். நூடிகள் கண்ட இடத்தில் திரிவதில்லை. பெரும்பாலான இனங்கள் ஒன்றிரண்டு வகை இரையைத் தவிர வேறெதையும் தொடாது. குரோமோடோரிஸ் வகை கடற்பஞ்சைத் தின்னும். முதுகு முழுக்க விரல் விரலாக முளைத்த ஏயோலிட் வகை, ஹைட்ராய்டு என்னும் கொட்டும் உயிரைத் தின்று, அதன் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் முதுகு விரல்களின் நுனியில் சேர்த்துவைத்துக்கொள்ளும். அதனால் நல்ல கைடு நூடியைத் தேடமாட்டார். எந்தப் பாறையில் எந்தப் பஞ்சு வளர்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். சுருள் சுருளாக முட்டை நாடா கண்ணில் பட்டால், இட்டது பக்கத்தில்தான் இருக்கும் என்று அங்கேயே நின்றுவிடுவார். இந்தக் கண்ணுக்கு அறிவியலிலேயே மரியாதை உண்டு. 2008-இல் பெயரிடப்பட்ட ஹிப்போகாம்பஸ் பொந்தோஹி என்ற குள்ளக் கடற்குதிரை, வடக்கு சுலாவெசியின் டைவ் கைடு ஹென்ஸ் பொந்தோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உங்கள் மிதப்பு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கையும் காலும் எதையும் தொடாமல், ஒரு நிமிடம் அசையாமல் நிற்க முடிகிறதா? முடியாவிட்டால் எந்த ஊருக்குப் போனாலும் பயனில்லை. எரிமலை மணலில் காலில் மாட்டிய ஃபின் துடுப்பால் ஓர் உதை உதைத்தால் புகை மூட்டம்போல் எழும். அடங்கப் பல நிமிடம் ஆகும். உங்கள் பின்னால் வருகிற யாருக்கும் அன்று தரிசனம் கிடையாது. பாறையில் என்றால் இன்னும் மோசம், ஏதாவது உடையும்.

தரை. பவளப்பாறையில் பார்ப்பது வேறு, வெறும் மணலில் பார்ப்பது வேறு. இரண்டாவதற்கு 'மக் டைவிங்' என்று பெயர். வண்ண வண்ணமான பாறை, மீன் கூட்டம், நீல வெளிச்சம் எதுவும் இருக்காது. சாம்பல் நிறத் தரையும் நடுவில் ஒரு பழைய பாட்டிலும் இருக்கும்; பாட்டிலுக்குள் ஆக்டோபஸ். இதில் சொக்கிப் போகிறவர்களும் உண்டு, இருபதாவது நிமிடமே கொட்டாவி விடுகிறவர்களும் உண்டு. எந்த ரகம் என்று காசு கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு டைவுக்கு உண்மையில் ஆகிற செலவு. இணையத்தில் போட்டிருக்கிற டைவ் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விமானம், விசா, கார், அதிகப்படி லக்கேஜ், லீவு நாள் எல்லாவற்றையும் கூட்டி, போகப்போகிற டைவ் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தொடர்ந்து பல நாள் டைவ் போனால், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். எனவே கடைசி நாள் எப்போதும் வறண்ட நாள்தான்; அதற்கும் அறை வாடகை உண்டு.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: நாற்பதைத் தாண்டியவர்களின் கண். நீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவது உண்மைதான். ஆனால் 5 மி.மீ. நீளமுள்ள ஒன்றைக் கைடு சுட்டிக்காட்ட, நீங்கள் மாஸ்க்கை அதன் அருகில் கொண்டுபோக, எல்லாம் மங்கலாகத் தெரிந்தால்? வீட்டில் செய்தித்தாளைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறவர் என்றால், மாஸ்க்கின் கீழ்ப்பகுதியில் ஒட்டுகிற வாசிப்பு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். காமிராவுக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான். அடுத்தது ஒரு சின்ன டார்ச். பத்து மீட்டருக்குக் கீழே சிவப்பு ஏறக்குறைய செத்துவிடும். டார்ச் அடித்தால்தான் பழுப்பாகக் கிடந்தது குங்குமச் சிவப்பு என்று தெரியும்.

## அந்தமான்: சுவராஜ் தீவு

ஹாவ்லாக் என்று எல்லோரும் சொல்கிற தீவு. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது பழைய போர்ட் பிளேருக்கு, இரண்டேகால் மணி நேர விமானம், அப்புறம் படகு. பாஸ்போர்ட் வேண்டாம், டாலர் மாற்ற வேண்டாம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும், தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கும்.

சின்ன உயிர்கள் இல்லாமல் இல்லை. கருப்பு வெள்ளையில் மஞ்சள் பருக்களோடு பிலிடியா வகை நூடிகள், கடல் சாமந்திக்குள் கண்ணாடி இறால்கள், பீங்கான் நண்டு, வளையிலிருந்து எட்டிப் பார்க்கிற மான்டிஸ் இறால் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இங்குள்ள டைவ் தொழில், முதல் முறை கடலுக்குள் இறங்குகிற சுற்றுலாப் பயணிகளையும், டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற இடங்களில் பெரிய மீன் கூட்டம் பார்க்க வருகிறவர்களையும் நம்பி வளர்ந்தது. தேடுகிற கண்ணுள்ள கைடு கிடைப்பது அதிர்ஷ்டம். குள்ளக் கடற்குதிரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கடல் சூடாகிப் பவளம் வெளிறிய 2010, 2016-இல் ஆழம் குறைந்த பாறைகள் நிறைய அடி வாங்கியிருக்கின்றன என்பதும் கணக்கில் வர வேண்டும்.

மறைமுகச் செலவு: உள்நாட்டு விமானத்தில் சாதாரணமாக 15 கிலோதான். ஃபின், ரெகுலேட்டர், காமிரா என்று எடுத்துப் போனால் கூடுதல் பணம். காற்று அடித்தால் படகு ரத்தாகும். திரும்பி வர ஒரு நாள் உபரியாக வைக்காமல் டிக்கெட் போடக் கூடாது.

எப்போது இது சரி? நான்கு நாள்தான் லீவு என்றால். பாஸ்போர்ட் இல்லையென்றால். இல்லை, மிதப்பு இன்னும் கைவரவில்லை, பழக வேண்டும் என்றால். ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை இறங்கி, கைடிடம் 'வேகம் வேண்டாம், ஒரே பாறையில் அரை மணி நேரம் நிற்கலாம்' என்று சொல்லிப் பாருங்கள். தனிக் கைடுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் வீண்போகாது. அதுவே நல்ல பயிற்சி.

## துலாம்பென்: பாலியின் வடகிழக்குக் கரை

டென்பசார் விமான நிலையத்திலிருந்து காரில் இரண்டரை, மூன்று மணி நேரம். அகுங் எரிமலையின் அடிவாரம், மணலுக்குப் பதில் கருங்கூழாங்கல் கரை. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கிய 'லிபர்ட்டி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை இந்தக் கரையில் ஏற்றிவிட்டார்கள். 1963-இல் அகுங் வெடித்தபோது அது கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் போனது. ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் கப்பல்தான்.

நமக்கு வேண்டியது கப்பலை விட அதன் அக்கம்பக்கம். கோரல் கார்டன், டிராப் ஆஃப், கொஞ்சம் தெற்கே செராயா. படகு தேவையில்லை. உள்ளூர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் சுமந்து, கூழாங்கல்லில் செருப்புக் காலோடு விறுவிறுவென்று நடந்து இறங்குமிடத்தில் வைத்துவிடுவார்கள். வெறுங்கையோடு நடக்கிற நாம்தான் தடுமாறுவோம். கரையிலிருந்து இறங்குவதால் நேரத்துக்கு அவசரமில்லை. ஐந்து மீட்டரிலேயே பார்க்க நிறைய இருப்பதால் காற்று வேகமாகக் காலியாகிற புதியவருக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

ஹார்லெக்வின் இறாலை நிம்மதியாகப் பார்க்க இது நல்ல ஊர். பால் வெள்ளை உடம்பில் ஊதாத் திட்டுகள். பெரும்பாலும் ஜோடியாகத்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து தங்களை விடப் பெரிய நட்சத்திர மீனைப் புரட்டிப் போடும், குழாய்க் கால்களால் அது தரையைப் பற்ற முடியாதபடி. அப்புறம் கை நுனியிலிருந்து தின்ன ஆரம்பிக்கும். நட்சத்திர மீன் பல நாள் உயிரோடு கிடக்கும், அதாவது இறைச்சி கெடாமல் இருக்கும். அழகுக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இங்கே ஒரு நெருடலும் உண்டு: ஜோடி இடம் மாறிவிடக் கூடாது என்று ஆட்களே நட்சத்திர மீனைக் கொண்டுவந்து போடுவதும் நடக்கிறது.

கைடு ஒரு பாசி இலையைச் சுட்டிக் காட்டினால் உற்றுப் பாருங்கள். அரை சென்டிமீட்டர், முதுகில் பச்சை இலைக்கொத்து, நடுவில் வெள்ளை முகத்தில் இரண்டு கருப்புப் பொட்டுக் கண். கோஸ்டசியெல்லா. ஆட்டுக்குட்டி என்று செல்லமாகச் சொல்வார்கள். கண்டிப்பாகச் சொன்னால் இது நூடி அல்ல, அதன் ஒன்றுவிட்ட உறவு. பாசியை உறிஞ்சி, அதன் பச்சையத்தை உடம்பில் வைத்துக்கொண்டு வெயிலில் கொஞ்ச காலம் உணவு தயாரிக்கிற வித்தை தெரிந்தது.

மறைமுகச் செலவு: வந்திறங்கியதும் விசா 5 லட்சம் ரூபியா, பாலித் தீவின் சுற்றுலா வரி 1.5 லட்சம் ரூபியா. சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் மாறித்தான் பெரும்பாலும் போக வேண்டும். கூழாங்கல்லில் அலை அடிக்கிற நாளில் கணுக்கால் சுளுக்குவது சகஜம். தடித்த அடியுள்ள பூட்டி என்னும் நீர்க்காலணியும் திறந்த குதிகால் ஃபின்னும் எடுத்துப் போங்கள். தென் பாலியிலிருந்து ஒரு நாள் பயணமாக வருகிற கூட்டம் காலை ஒன்பதிலிருந்து கப்பலை மொய்க்கும். அங்கேயே தங்கினால் விடிகாலையில் உங்களுக்கு முன் யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள்.

டைவ் போகாத மனைவியோ கணவனோ குழந்தையோ கூட வந்தால் இந்த நான்கில் வேறு யோசனையே வேண்டாம். பக்கத்தில் ஆமெட், திர்த்தா கங்கா நீர் அரண்மனை, பெசாகி கோயில். அவர்கள் சண்டை போட மாட்டார்கள்.

## அனிலாவ்: லூசோன் தீவு, பிலிப்பைன்ஸ்

மணிலாவுக்குத் தெற்கே பத்தாங்காஸ் மாகாணத்தின் மாபினி ஊராட்சியில் இருக்கிறது. பக்கத்தில் ஓடுகிற வெர்டே தீவுக் கால்வாய், கரையோர மீன் இனங்களின் செறிவில் உலகத்திலேயே உச்சம் என்று 2005-இல் கார்பென்டர், ஸ்பிரிங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். நூடிகளுக்கோ சொல்லவே வேண்டாம். கலிஃபோர்னியா அறிவியல் அகாதெமியின் டெர்ரி கோஸ்லைனர் பல வருடங்களாக இங்கே வந்து புது இனங்களைக் கண்டெடுத்திருக்கிறார்.

அனிலாவின் பலம் கலவை. காலையில் டுவின் ராக்ஸ், கிர்பிஸ் ராக் போன்ற பாறைகளில் வண்ணம் பார்க்கலாம். மதியம் சீக்ரெட் பேயின் மணலில் ஆக்டோபஸ் தேடலாம். இரவில் ஆழ்கடலுக்கு மேல் விளக்கைத் தொங்கவிட்டு, கீழிருந்து மிதந்து வருகிற கண்ணாடிக் குஞ்சுகளைப் பார்க்கிற 'பிளாக்வாட்டர்' டைவும் உண்டு. அது புதியவர்களுக்கு வேண்டாம். தரையே தெரியாத இருட்டில் மிதப்பைப் பிடிப்பது தனி வித்தை. படகு, இருபுறமும் மூங்கில் தாங்கி கட்டிய பங்கா. ஆடாது, ஆனால் ஏணியில் ஏறும்போது முழங்கால் கேட்கும்.

மறைமுகச் செலவு: மணிலாவிலிருந்து 120 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் மணிலாவின் நெரிசலைத் தாண்டுவதற்குள் இரண்டரை மணி நேரப் பயணம் நான்காகிவிடும். வார இறுதியில் தலைநகரமே அங்கே இறங்கும், அறை விலையும் ஏறும். ஞாயிறு போய் வெள்ளிக்குள் திரும்புவது மாதிரித் திட்டமிடுங்கள். சுற்றி டைவ் தவிர வேறு பொழுதுபோக்கு குறைவு. ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் 25 டிகிரிக்கு இறங்கும். நூடி பார்க்கிறவர் நீந்துவதில்லை, நிற்கிறார், நின்றால் குளிரும். 5 மி.மீ. வெட்சூட் வாடகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை புயல் காலம்.

இந்தியர்கள் சுற்றுலாவுக்கு 14 நாள் விசா இல்லாமல் போகலாம் என்று 2025 நடுவில் அறிவித்தார்கள். அதற்கு முன் இந்த ஊரைப் பட்டியலில் இரண்டாவதாக வைத்திருக்க மாட்டேன்.

## லெம்பே: வடக்கு சுலாவெசி

பிதுங் துறைமுகத்துக்கும் லெம்பே தீவுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற நீரிணை. தரை, கரிய எரிமலை மணல். சிங்கப்பூரிலிருந்து மனாடோவுக்கு விமானம், அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் கார், கடைசியில் சின்னப் படகு. சென்னையிலிருந்து கிளம்பினால் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எதையும் அதிர்ஷ்டம் என்று சொல்லக் கூடாது. கைடிடம் முந்தின இரவே பட்டியல் கொடுக்கலாம்: முடி முளைத்த தவளை மீன், தரையில் நடக்கிற வண்ணக் கணவாய், நீலவளைய ஆக்டோபஸ், பாம்பாகவும் தட்டை மீனாகவும் வேஷம் போடுகிற ஆக்டோபஸ். அவர் எந்த இடம், எந்த நேரம் என்று யோசித்துவிட்டு ஹேர்பால், போலீஸ் பியர், நூடி ஃபால்ஸ் என்று ஒன்றைச் சொல்வார். பெரும்பாலான ரிசார்ட்டுகளில் இரண்டு மூன்று பேருக்கு ஒரு கைடு. ஆழம் குறைவு, நீரோட்டம் அதிகமில்லை. கஷ்டமான டைவ் இல்லை.

பின் ஏன் முதல் பயணத்துக்கு வேண்டாம் என்கிறேன்? ஒன்று, மணல். மிதப்பு சரியில்லாதவர் இங்கே தன் டைவையும் கெடுத்து, அடுத்தவர் டைவையும் கெடுப்பார். இரண்டு, இது பவளப்பாறைப் பயணமே அல்ல. பாறை வண்ணத்தை எதிர்பார்த்து வந்துவிட்டு, மூன்றாம் நாள் காலை 'இன்றைக்கும் மணலா?' என்று முகம் சுளிக்கிறவர்களுக்குக் குறைவில்லை. மூன்று, குப்பை. பெரிய துறைமுகம் எதிரிலேயே இருக்கிறது. காற்று திரும்பினால் பிளாஸ்டிக் மிதந்து வரும்.

மறைமுகச் செலவு: இங்கும் அதே 5 லட்சம் ரூபியா விசா. கடலோர ரிசார்ட்டில் மாட்டினால் சாப்பாடு முதல் தண்ணீர் பாட்டில் வரை அவர்கள் சொன்ன விலைதான், வெளியே கடை கிடையாது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தண்ணீர் குளிரும், ஆனால் உயிர்கள் அதிகம் தெரிகிற காலமும் அதுவே. ஆனாலும் ஒரு நாளைக்கு நான்கு டைவ் சுலபமாகப் போக முடிவதால், வகுத்துப் பார்த்தால் ஒரு டைவின் செலவு பயந்த அளவுக்கு இருக்காது. பத்து நாள் கிடைத்தால் மனாடோவின் மறுபுறமுள்ள புனாக்கென் தேசியப் பூங்காவின் செங்குத்துப் பாறைச் சுவர்களில் மூன்று நாளைச் சேர்த்துவிடுங்கள். மணலும் வண்ணமும் ஒரே பயணத்தில் முடியும்.

## ஒரே பார்வையில்

| | அந்தமான் | துலாம்பென் | அனிலாவ் | லெம்பே |
|---|---|---|---|---|
| தரை | பாறை | பாறை, கரும் சரிவு, கப்பல் | பாறை, மணல் இரண்டும் | கரிய மணல் |
| நல்ல மாதங்கள் | டிச–ஏப் | ஏப்–நவ | நவ–மே | ஆண்டு முழுதும். ஜூலை–செப் சிறப்பு |
| கைடின் தேடும் கண் | ஆளைப் பொறுத்தது | நல்லது | மிக நல்லது | இதற்கு மேல் இல்லை |
| குறைந்தபட்ச லீவு | 4–5 நாள் | 7 நாள் | 7 நாள் | 9 நாள் |
| வலிக்கிற செலவு | லக்கேஜ், படகு ரத்து | விசா, வரி, கார் | மணிலா நெரிசல், வெட்சூட் | பயண நாள்கள் |
| டைவ் போகாத துணைக்கு | பரவாயில்லை | அருமை | சலிப்பு | தாங்கோக்கோ காட்டில் தார்சியர் என்னும் குட்டி விலங்கைப் பார்த்த பிறகு சலிப்பு |

மலேசியாவில் இருக்கிற வாசகர்களுக்கு இந்தப் பட்டியல் முழுசாகப் பொருந்தாது. சபாவின் செம்போர்னாவுக்கு எதிரே மாபுல், கபாலாய் தீவுகள் இருக்கும்போது, கோலாலம்பூரிலிருந்து தாவாவ் போகிற உள்நாட்டு விமானத்திலேயே வேலை முடிந்துவிடும். கிழக்கு சபாவுக்கான பாதுகாப்பு அறிவிப்புகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது

ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் கடையைத் தேர்ந்தெடுக்கிற வேலை பாக்கி. ஒரே ஊரில் இரண்டு கடைகளுக்கு இடையிலான வித்தியாசம், இரண்டு நாடுகளுக்கு இடையில் இருப்பதைவிடப் பெரியதாக இருக்கும். மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்.

ஒரு கைடுக்கு எத்தனை பேர்? நான்குக்கு மேல் என்றால் வேண்டாம். நால்வரில் கடைசியாக நிற்பவர் போவதற்குள் இறால் உள்ளே போய்விடும்.

டைவுக்கு நேர வரம்பு உண்டா? 45 நிமிடத்தில் எல்லோரும் மேலே வர வேண்டும் என்கிற கடை, சின்ன உயிர் பார்க்க உதவாது. காற்று இருக்கிற வரை, 60 அல்லது 70 நிமிடம் என்று சொல்கிறவர்களிடம் போங்கள்.

டைவ் நோய்க்குச் சிகிச்சை தருகிற அழுத்த அறை பக்கத்தில் எங்கே? டென்பசார், மனாடோ, ஸ்ரீ விஜயபுரத்தின் கடற்படை மருத்துவமனை என்று பதில் உடனே வர வேண்டும். டைவ் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல ஸ்கூபாவை விலக்கிவிடும், சில ஆழத்துக்கு வரம்பு போடும்.

கடைசிக் கேள்வி, உயிர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கைடு என்ன செய்வார்? குள்ளக் கடற்குதிரை கடல் விசிறியின் மொட்டுகளோடு மொட்டாக, இரண்டு சென்டிமீட்டர் உடம்பிலும் அதே இளஞ்சிவப்புப் பருக்களோடு ஒட்டியிருக்கும். வெளிச்சம் பட்டால் திரும்பிக்கொள்ளும். அதைக் குச்சியால் திருப்பி வைத்துப் படமெடுக்க விடுகிற கடைகள் உண்டு. 'எங்கள் கைடு காத்திருப்பார், திரும்பாவிட்டால் அடுத்ததற்குப் போவார்' என்று எழுதுகிற கடைக்கு, விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் முன்பணம் கட்டிவிடுங்கள்.